தடம் பதியாத இரவுகள்

ஆய்வுக்கூடத்தில் தனி ஊசலை ஆட்டிவிட்டு இருபது அலைவுகளுக்கான நேரத்தைக் குறிக்கிறீர்கள். ஒரு நிமிடத்திற்குள் அளவு கையில். தவறிவிட்டால் மறுபடி ஆட்டலாம். இயற்பியல் கற்பிக்கும் எனக்கு இது பழகிப்போன வசதி. வெளிக்களத்தில் உயிரியல் ஆய்வு செய்வோருக்கு இது கிட்டாது. ஊசல் நாம் நினைத்தபோது ஆடும். காட்டுப் பறவை நாம் நினைத்தபோது வருமா?

திருத்தணியில் ரயிலேறி ரேணிகுண்டா வழியே போனால் கடப்பா வரும். அந்த மாவட்டத்து முட்புதர்க் காடுகள் நம் கே.ஜி.கண்டிகைப் பக்கத்துக் குன்றுகளை நினைவூட்டும். அங்கே வாழும் ஒரு பறவை ஜெர்டன் கோர்சர். ஏறக்குறைய ஆள்காட்டியின் பருமன், மார்பில் இரண்டு பழுப்புப் பட்டைகள், பெரிய கண்கள். சென்னை ராணுவத்தில் மருத்துவராக இருந்த தாமஸ் ஜெர்டன் 1848-இல் இதை உலகுக்கு அறிவித்தார். 1900-இல் ஹோவர்டு கேம்பெல் அனந்தப்பூர் அருகே கண்டார். அதன் பிறகு 86 ஆண்டுகள் ஒருவர் கண்ணிலும் படவில்லை. அழிந்துவிட்டது என்றே பலரும் எண்ணினர்.

உண்மையில் தேடியவர்கள் பகலில் தேடினார்கள். பறவையோ இரவில் நடமாடுவது! பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் பரத் பூஷண் பறவையின் படத்தை ஊர் ஊராகக் காட்டி விசாரித்தார். வேட்டையில் பழகிய உள்ளூர்க்காரர்களுக்கு அதைத் தெரிந்திருந்தது. தெலுங்கில் 'கலிவி கோடி' என்று அதற்குப் பெயரும் இருந்தது. கலிவி என்பது நம் களாச்செடி. புத்தகங்கள் தொலைத்துவிட்ட பறவையை ஊர்மக்கள் தொலைக்கவில்லை. 1986 ஜனவரியில், ரெட்டிப்பள்ளிக்கு அருகே, ஓர் இரவில், அவர்களுள் ஒருவர் கைவிளக்கின் ஒளியில் அதை உயிரோடு பிடித்துவிட்டார்.

அந்த மகிழ்ச்சி சில நாட்களே நீடித்தது. சலீம் அலி தள்ளாத வயதிலும் அதைக் காண விரைந்து வந்தார். அவர் வந்து சேருமுன் பறவை இறந்துவிட்டது. இனம் உயிரோடிருக்கிறது என்று காட்டிய அந்த ஒரு பறவை உயிரோடில்லை. இதை வாசிக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனக்கும்.

இனிப் பறவையைப் பிடிக்காமலே அறிய வேண்டும். எப்படி? பின்னாளில் ப. ஜெகநாதனும் அவருடன் பணியாற்றியவர்களும் எளிய வழியொன்றைக் கையாண்டார்கள். புதர்களுக்கிடையே நுண்மண்ணைப் பட்டையாகப் பரப்பி, மட்டமாக நீவிவிட்டு வந்துவிடுவார்கள். இரவில் அதன் மேல் நடக்கும் பறவை தன் கையெழுத்தைப் போட்டுவிட்டுப் போகும். கோர்சருக்குப் பின்விரல் கிடையாது, முன்விரல்கள் மூன்றே. வேறு சில பறவைகளுக்கும் அப்படி இருப்பதால் தடத்தை அளந்து பார்த்தே முடிவு செய்ய வேண்டும். தானியங்கிக் காமிராக்களையும் வைத்தார்கள். பறவையின் குரலையும் பதிவு செய்தார்கள். சூரியன் மறைந்து முக்கால் மணி கழித்து, சில நிமிடங்களே அது கூவும். அந்த நேரத்தில் நீங்கள் தும்மினால் அன்றைய வேலை போயிற்று!

தடம் பார்க்க விடியற்காலைதான் ஏற்றது. காரணம் எளிய முக்கோணவியல். 2 மில்லிமீட்டர் ஆழமுள்ள தடம் என்று வைத்துக்கொள்வோம். சூரியன் அடிவானிலிருந்து 10 பாகை உயரத்தில் இருந்தால், 2-ஐ டான் 10-ஆல் வகுக்க, அதன் விளிம்பின் நிழல் சமதரையில் 11 மி.மீ. வரை நீளக்கூடியது. அதாவது தடத்தின் பள்ளம் முழுதும் இருண்டு தெரியும். 70 பாகையில் முக்கால் மி.மீ. கூட இல்லை. உச்சி வெயிலில் தடம் இருந்தும் இல்லாததுபோல் ஆகிவிடும்.

எங்கள் கல்லூரி விலங்கியல் நண்பர் தம் மாணவர்களோடு இங்குள்ள குன்றடியில் இதைச் செய்து பார்த்தபோது நானும் சேர்ந்துகொண்டேன். கோர்சரை நாடியல்ல, கௌதாரியோ முயலோ போதும் என்று. சூரைமுள் என் சட்டையைக் கிழித்தது. கண்ணாடி விரியன் இருக்கும் இடம் என்பதால் காலணியின்றி ஓர் அடியும் வைக்கக் கூடாது என்றார் நண்பர். முதல் நாள் காலை பட்டையில் ஒன்றுமில்லை. இரண்டாம் நாளும் அப்படியே. மூன்றாம் நாள் பட்டை நிறையத் தடங்கள்! ஓடிப்போய்க் குனிந்தோம். எங்களுக்கு முன்பே எழுந்துவிட்ட ஓர் ஆட்டுமந்தை. மேய்த்துவந்த பெரியவர் சிரித்துவிட்டு, "கௌதாரி இந்தப் பக்கம் ஏது சார், ஓடை ஓரமாப் போட்டுப் பாருங்க" என்றார். நான்காம் நாள் ஓடையோரம் அழகான கௌதாரித் தடங்கள். ஒரு மாணவி கைகொட்டிக் குதித்தாள். உண்மையைச் சொன்னால் நானும் குதித்தேன்.

ஆனால் வெறும் பட்டையையும் நண்பர் தேதியிட்டுக் குறித்துக்கொண்டார். எதற்கென்று கேட்டேன். பிறகு நானே கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஓரிடத்தில் வாழும் பறவை நான்கு இரவுகளுக்கு ஒருமுறை பட்டையை மிதிக்கும் என்று கொள்வோம். ஓர் இரவில் மிதிக்காமலிருக்க வாய்ப்பு முக்கால். பத்து இரவுகளும் மிதிக்காமலிருக்க, முக்காலைப் பத்து முறை பெருக்க வேண்டும்: 0.056. நூற்றில் ஆறுக்கும் குறைவு. ஓர் இரவு வெறுமையாயிருந்தால் அதிலிருந்து எதுவும் சொல்ல முடியாது. பத்து இரவுகள் வெறுமையாயிருந்தால், பறவை அங்கே இல்லை என்று ஓரளவு துணிந்து சொல்லலாம். குறிப்பேட்டில் எழுதாத வெறுமைக்கு மதிப்பில்லை. எழுதிய வெறுமை ஓர் அளவீடு.

கடப்பாவில் இப்படிச் சேர்ந்த குறிப்புகள் ஒருநாள் வேறு விதத்தில் தேவைப்பட்டன. சென்னைக்குக் கிருஷ்ணா நீர் தருவது தெலுங்கு கங்கைத் திட்டம். நம் மாவட்டத்துப் பூண்டி ஏரிக்கு 1996-இல் அந்த நீர் வந்து சேர்ந்தது. அதே திட்டத்தின் கால்வாய் ஒன்றுக்காக, கோர்சரின் புதர்க்காட்டில் மண்வெட்டும் எந்திரங்கள் வேலை செய்திருப்பதை 2005-இல் ஆய்வாளர்கள் கண்டார்கள். பறவை எந்தப் புதர்களில் நடமாடுகிறது, எங்கே இல்லை என்று காட்ட அவர்களிடம் பல இரவுகளின் பதிவுகள் இருந்தன. கால்வாயின் வழி மாற்றப்பட்டது.

அதன் பின் பல ஆண்டுகள் பறவையை நேரில் கண்டவர் அரிது. பட்டைகளை நீவுவதும், விடியலில் குனிந்து பார்ப்பதும், 'தடம் இல்லை' என்று எழுதுவதும்தான் அந்தத் தேடலில் பெரும்பகுதி வேலை.