காயத்தைக் காய விடலாமா?

கதிர் அறுக்கும்போது அரிவாள் பட்டுவிடுகிறது. விரலில் இரத்தம் வடிகிறது. பலர் என்ன செய்கிறார்கள்? காப்பித்தூளை அப்புகிறார்கள். சாம்பலைப் பூசுகிறார்கள். "காற்றுப் படட்டும். காய்ந்தால் ஆறிவிடும்" என்று திறந்தே விடுகிறார்கள்.

இது சரியா? மருத்துவர்களில் பலரும் முன்பு இப்படித்தான் எண்ணினார்கள். ஒரு சோதனை அந்த எண்ணத்தை மாற்றியது.

பன்றி காட்டிய உண்மை

இங்கிலாந்தில் ஜார்ஜ் விண்டர் என்ற ஆராய்ச்சியாளர் இருந்தார். இளம் பன்றிகளின் தோலில் ஆழமில்லாத சிறு காயங்களை உண்டாக்கினார். சில காயங்களைத் திறந்து விட்டார். மற்றவற்றைப் பாலிதீன் தாளால் மூடினார். மூடிய காயங்களில் புதுத்தோல் ஏறக்குறைய இரு மடங்கு வேகமாக வளர்ந்தது. 1962ஆம் ஆண்டு இதை அவர் வெளியிட்டார்.

காரணம் என்ன? புதுத்தோல் ஈரத்தில்தான் பரவும். திறந்த காயம் காய்ந்து பொருக்குக் கட்டுகிறது. புதுத்தோல் பொருக்குக்கு அடியில் ஈரம் தேடி நுழைந்து போக வேண்டும். அதனால் நாளாகிறது. மூடிய காயத்தில் ஈரம் இருக்கிறது. தடையில்லாமல் தோல் பரவுகிறது.

ஏன் பன்றி?

எலியின் தோல் தளர்வானது. அதன் அடியில் மெல்லிய தசை உண்டு. காயம் பட்டால் சுருக்குப்பையைப் போல ஓரங்கள் இழுபட்டு மூடிக்கொள்ளும். மனிதத் தோல் அப்படி இல்லை. அது கீழே இறுக ஒட்டியிருக்கிறது. பன்றித் தோலும் அப்படித்தான்.

ஆனாலும் விலங்குக்குப் பொருந்துவது எல்லாம் மனிதருக்குப் பொருந்தாது. அதனால் 1963ஆம் ஆண்டு அமெரிக்காவில் மனிதத் தோலிலும் சோதித்தார்கள். அங்கும் மூடிய காயமே சீக்கிரம் ஆறியது.

தழும்பை அளப்பது எப்படி?

காயம் ஆறினால் தழும்பு நிற்கும். மூட்டின் மேல் பெரிய தழும்பு வந்தால் கையை மடக்க முடியாது. நீட்ட முடியாது. வேலையே கெடும். அதனால் தழும்பையும் அளக்கிறார்கள்.

தீக்காயத் தழும்பை அளக்க 1990ஆம் ஆண்டு ஒரு முறை வெளிவந்தது. அதன் பெயர் வான்கூவர் அளவுமுறை. தழும்பின் நிறம், சிவப்பு, உயரம், இறுக்கம் ஆகிய நான்கையும் பார்த்து மதிப்பெண் போடுவார்கள். இந்தப் பரீட்சையில் குறைந்த மதிப்பெண்தான் நல்லது. 0 என்றால் இயல்பான தோல்.

விலங்குகளின் தழும்பை நுண்ணோக்கியிலும் பார்க்கிறார்கள். நல்ல தோலில் நார்கள் கூடை பின்னியது போல் இருக்கும். தழும்பில் அடுக்கிய வைக்கோல் போல் ஒரே பக்கமாகக் கிடக்கும்.

வாயில்லாப் பிராணிகள்

விலங்குக்கும் வலி உண்டு. இந்தியாவில் 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டம் இதற்கு வரம்பு வைத்திருக்கிறது. அறுவை செய்யும் சோதனைகளில் கூடியவரை மயக்க மருந்து கொடுக்க வேண்டும். விலங்கு இல்லாமலே அறிய முடியும் என்றால் விலங்கைத் தவிர்க்க வேண்டும்.

நாம் செய்ய வேண்டியவை

1. சிறு காயத்தைச் சுத்தமான நீரும் சோப்பும் கொண்டு கழுவ வேண்டும்.
2. சாம்பல், சாணம், காப்பித்தூள் வைக்கக் கூடாது.
3. சுத்தமான துணியால் மூட வேண்டும். துணி நனைந்தாலும் அழுக்கானாலும் மாற்ற வேண்டும். வீட்டிலுள்ள பிளாஸ்டிக் பையைக் கட்டக் கூடாது.
4. ஆழமான காயம், துருப்பிடித்த ஆணி குத்திய காயம், நாய்க்கடி, சீழ் பிடித்த காயம் என்றால் உடனே ஆரம்ப சுகாதார நிலையம் செல்ல வேண்டும். சர்க்கரை நோய் உள்ளவர்கள் சிறு காயத்தையும் காட்ட வேண்டும்.

விடை கூறுங்கள்

1. மூடிய காயம் ஏன் சீக்கிரம் ஆறுகிறது?
2. எலியின் காயம் எப்படி மூடிக்கொள்கிறது?
3. உங்கள் ஊரில் காயத்துக்கு என்ன வைக்கிறார்கள்? அது சரியா? கூடிப் பேசுங்கள்.