உயர்ந்த வண்டியும் ஆழ்ந்த நிறுத்துமிடமும்: கிள்ளான் பள்ளத்தாக்கின் பேரங்காடிகளுக்குக் கேம்பர்வேனில் செல்வோருக்குச் சில பாடங்கள்

படுக்கை, அடுப்பு, குளிர்பதனப் பெட்டி, சிறு கழிவறை ஆகியவற்றைக் கொண்டு, ஒரு குடும்பம் உள்ளேயே தங்கி ஊர்சுற்றுவதற்கு ஏற்ப அமைக்கப்பட்ட வண்டி கேம்பர்வேன் என்றும், அளவில் பெரியதாயின் மோட்டார்ஹோம் என்றும் வழங்கப்படுகிறது. இத்தகைய வண்டியில் தீபகற்ப மலேசியாவைச் சுற்றிவருவோர் கோலாலம்பூரை அடையும்போது, அங்குள்ள பேரங்காடிகள் பொருள் வாங்கும் இடங்களாக மட்டும் பயன்படுவதில்லை. தீர்ந்துபோன மளிகையை நிரப்பவும், புழுக்கத்திலிருந்து சில மணி நேரம் விடுபடவும், முதியோரும் பிள்ளைகளும் தூய்மையான கழிவறையும் அமர இடமும் பெறவும் அவை உதவுகின்றன. ஆயினும் வண்டியோடு அவற்றின் வாசலை அடைவது எளிதன்று. ஆகவே வண்டியை எங்கே நிறுத்துவது என்பதை முதலில் முடிவுசெய்து, அதற்கேற்பப் பேரங்காடியைத் தேர்ந்துகொள்வதே இப்பகுதியில் பயணம் செய்து பழகியோர் முதற்கண் வலியுறுத்தும் பாடமாகும்.

உயரம் என்னும் தடை

கனடாவில் 1981ஆம் ஆண்டு திறக்கப்பட்ட வெஸ்ட் எட்மன்டன் மால் போன்ற வட அமெரிக்கப் பேரங்காடிகளைச் சுற்றிப் பரந்த திறந்தவெளி நிறுத்துமிடங்கள் இருப்பதால், அங்கே வண்டியின் உயரம் பெரிய சிக்கலாவதில்லை. கோலாலம்பூரை உள்ளடக்கிய, நிலத்தின் விலை மிகுந்த கிள்ளான் பள்ளத்தாக்கில் நிலைமை வேறு. 1998இல் திறக்கப்பட்ட சூரியா கேஎல்சிசி, 1999இல் திறக்கப்பட்ட மிட் வேலி மெகாமால், 2003இல் திறக்கப்பட்ட பெர்ஜாயா டைம்ஸ் ஸ்குவேர் முதலியவற்றில் வண்டிகள் பெரும்பாலும் நிலத்தடித் தளங்களிலோ அடுக்குமாடித் தளங்களிலோ நிறுத்தப்படுகின்றன. இத்தகைய நிறுத்துமிடங்களின் வாயிலில், மஞ்சளும் கறுப்பும் தீட்டிய உயரத் தடைக்கம்பு ஒன்று தொங்கும். அதில் குறிக்கப்படும் அளவு பொதுவாக 2 மீட்டராகவோ அதைச் சற்றே மிஞ்சியதாகவோ இருக்கும். உயர்கூரை கொண்ட டொயோட்டா ஹையேஸ் வேனே ஏறத்தாழ 2.3 மீட்டர் உயரமுடையது; ஓட்டுநர் இருக்கைக்கு மேலே படுக்கை அமைந்த மோட்டார்ஹோம் 3 மீட்டரை எட்டும்.

இங்கே நுணுக்கமாகக் கருத வேண்டிய ஒன்று உண்டு. சரிவுப்பாதை முடிந்து தளம் சமமாகும் இடத்தில், நீண்ட வண்டியின் முன்சக்கரங்கள் சமதளத்திலும் பின்சக்கரங்கள் சரிவிலும் நிற்பதால், அவற்றுக்கு இடைப்பட்ட உடற்பகுதி தரையிலிருந்து வழக்கத்தைவிட உயர்ந்து, கூரை மேல்தளத்தை நெருங்கிவிடுகிறது. எனவே தடைக்கம்பைத் தொடாமல் கடந்த வண்டிகூட, உள்ளே தீயணைப்புக் குழாயிலோ காற்றுக்குழாயிலோ உராயக்கூடும். கூரைமேல் பொருத்திய குளிர்சாதனம், காற்றுப்போக்கி, சூரியமின் தகடு ஆகியவற்றையும் சேர்த்து உயரத்தை அளந்து, அந்த எண்ணை ஓட்டுநரின் கண்படும் இடத்தில் ஒட்டிவைப்பது நல்லது. சரிவில் இறங்கிய பின் பின்னோக்கி ஏறுவது ஆபத்தானது என்பதால், ஐயம் எழுந்த இடத்திலேயே நின்று, ஒருவரைக் கீழே இறங்கிப் பார்க்கச் செய்த பிறகே வண்டியை நகர்த்த வேண்டும்.

இருப்புப்பாதையே வாசல்

தடை இவ்வாறிருக்க, அதைக் கடக்கும் வழியை இப்பள்ளத்தாக்கின் வரலாறே வகுத்துத் தந்திருக்கிறது. கோலாலம்பூரைக் கிள்ளான் அருகிலுள்ள புக்கிட் கூடாவுடன் இணைத்த இருப்புப்பாதை 1886இல் திறக்கப்பட்டது. ரயில்வே பணிக்கென வந்த தமிழரும் இலங்கைத் தமிழரும் குடியேறி வளர்த்த பகுதியே பிரிக்ஃபீல்ட்ஸ். அந்த இருப்புப்பாதையின் வழிவந்த கேடிஎம் கொமுட்டர், அதாவது நகரையும் புறநகரையும் இணைக்கும் மின்ரயில், இன்று பல பேரங்காடிகளுக்கு மிக அருகே பயணிகளை இறக்கிவிடுகிறது.

சுற்றுலாப் பேருந்துகளும் வந்து நிற்கும் பத்துமலையில் வண்டியை உரிய அனுமதியுடன் நிறுத்துவோர், கோயிலை ஒட்டிய நிலையத்தில் ரயிலேறி, கேஎல் சென்ட்ரல் வழியாக மிட் வேலி நிலையத்தில் இறங்கலாம். நெரிசல் மிகும் தைப்பூச நாள்களில் மட்டும் இவ்வழியை நாடலாகாது. கிள்ளான் பக்கம் தங்குவோர் போர்ட் கிள்ளான் தடத்தில் அப்துல்லா ஹுக்கும் நிலையம் வரை சென்று, நடைபாலம் வழியே மிட் வேலியை அடையலாம். அல்லது செத்தியா ஜெயா நிலையத்தில் இறங்கி, 2015இல் தொடங்கிய உயர்த்தப்பட்ட தனிப்பாதைப் பேருந்தில் ஏறி, 1997இல் திறக்கப்பட்ட சன்வே பிரமிட் இருக்கும் பகுதிக்குச் செல்லலாம். உலகின் மிகப்பெரிய பேரங்காடிகளுள் ஒன்றாக எண்ணப்படும் ஒன் உத்தாமாவுக்கு 2016 முதல் எம்ஆர்டி ரயில் செல்கிறது.

டச் அண்ட் கோ என்னும் முன்பணம் செலுத்திய அட்டை நெடுஞ்சாலைக் கட்டணத்துக்கும் ரயிலுக்கும் பல நிறுத்துமிடங்களுக்கும் பயன்படும். ரயிலில் ஒவ்வொருவருக்கும் தனி அட்டை வேண்டும் என்பதால், குடும்பமாக வருவோர் அதைப் புறப்படும் முன்பே வாங்கி வைத்துக்கொள்ளுதல் நலம். பேரங்காடிகள் பொதுவாகக் காலை 10 முதல் இரவு 10 வரை திறந்திருக்கும். ஆனால் கொமுட்டர் ரயில்களுக்கு இடையிலான காத்திருப்பு எல்ஆர்டி என்னும் இலகு ரயிலைவிட நீண்டதாகையால், திரும்பும் ரயிலின் நேரத்தைக் காலையிலேயே அறிந்து வைத்திருக்க வேண்டும்.

வண்டியை விட்டுச் செல்லும் முன்

வண்டி வீடாகவும் இருப்பதால், அதைப் பூட்டிச் செல்வது காரைப் பூட்டிச் செல்வதைப் போன்றதன்று. எரிவாயு உருளையின் அடைப்பானை உருளையிலேயே மூட வேண்டும். அடுப்பின் திருகை மட்டும் மூடுவது போதாது. பிற்பகலில் இடிமழை வழக்கமாகையால் கூரைச் சாளரங்களை மூடிவிட வேண்டும். தாழ்ந்த நிலத்தையும் ஆற்றோரத்தையும் தவிர்த்தல் இன்றியமையாதது; 2021 டிசம்பரில் பெய்த பெருமழையில் ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடாவில் வீடுகளும் வண்டிகளும் நீரில் மூழ்கியதை இப்பகுதி மக்கள் மறக்கவில்லை. கழிவறைத் தொட்டியைப் பேரங்காடியின் கழிவறையில் கொட்டுதல் எவ்வகையிலும் தகாது. அது துப்புரவுப் பணியாளரின் உழைப்பை அவமதிப்பதோடு, பின்னே வரும் பயணியருக்கு உரிய வரவேற்பையும் கெடுத்துவிடும். இரவு தங்குவதற்கு இடத்தின் உரிமையாளரிடம் வெளிப்படையாக அனுமதி கேட்பதே முறை.

எதை எங்கே வாங்குவது

பேரங்காடியில் எல்லாம் கிடைக்கும் என்ற எண்ணத்தோடு முழு நாளையும் அங்கே கழிப்பது, வண்டியில் ஊர்சுற்ற வந்ததன் பயனைக் குறைத்துவிடும். வண்டியின் அலமாரி சிறிதாகையால், கைகளில் தூக்கி ரயிலில் கொண்டுவரக்கூடிய அளவே வாங்க வேண்டும். அரிசி, குடிநீர் போன்ற கனமானவற்றை, வண்டி நிற்கும் இடத்துக்கு அருகிலுள்ள மளிகைக் கடையிலேயே பெற்றுக்கொள்ளலாம். கேஎல் சென்ட்ரலோடு இணைந்து 2014இல் திறக்கப்பட்ட நூ சென்ட்ரலில் தேவையானதை முடித்துக்கொண்டு வெளியே நடந்தால், 2010 அக்டோபரில் லிட்டில் இந்தியாவாகத் திறந்துவைக்கப்பட்ட, பிரிக்ஃபீல்ட்ஸின் துன் சம்பந்தன் சாலை வந்துவிடும். வாழையிலைச் சோறும் பூமாலையும் பலகாரமும் அங்கே கிடைக்கும். கிள்ளானில் ரயிலிறங்குவோர் சிறிது நடந்தால் தெங்கு கிளானா சாலையின் புடவைக் கடைகளையும் நகைக் கடைகளையும் காணலாம். நெரிசலும் நிறுத்துமிடப் பற்றாக்குறையும் மிகுந்த இவ்விரு தெருக்களுக்கும் உயர்ந்த வண்டியைக் கொண்டுவருவது உகந்ததன்று. பேரங்காடிக்கென வகுத்த அதே ரயில் வழி இத்தெருக்களுக்கும் பொருந்துவதால், ஒரே நாளில் முற்பகலைக் குளிர்ந்த கூடத்திலும் மாலையைத் தமிழர் கடைத்தெருவிலும் கழிக்கும்படி திட்டமிடுவதே இப்பள்ளத்தாக்கில் சிறந்த பயண ஒழுங்காகும்.