சிங்காரப்பேட்டைச் சாலையும் அவசர மருத்துவ உதவியும்

கிருஷ்ணகிரியிலிருந்து திருவண்ணாமலை செல்லும் பெருஞ்சாலையில், ஊத்தங்கரையைக் கடந்து செங்கத்தை நோக்கிச் செல்வோர் யாவரும் சிங்காரப்பேட்டையை அறிவர். ஒருபால் சவ்வாது மலைத் தொடர். மற்றொருபால் மானாவாரி நிலங்களும், மாந்தோப்புகளும், கிணற்றுப் பாசனக் கழனிகளும். திருவண்ணாமலை மாவட்டத்தின் எல்லை வெகு அருகில் உள்ளது. இத்தகைய எல்லைப்புற ஊரில் ஒருவருக்குத் திடீரென உயிராபத்து நேரிடின் உதவி எங்கிருந்து வருகிறது, அது வரும் வரையில் ஊரார் செய்யத்தக்கது யாது, அவ்வுதவியைக் கொண்டு வருவோர் எத்தகையோர் என்பனவற்றை ஊராட்சி மன்றத்தார் தெளிவாக அறிந்திருத்தல் வேண்டும். நமது மன்றக் கூட்டங்களில் தெருவிளக்கும் குடிநீர்க் குழாயும் பேசப்படும் அளவிற்கு இப்பொருள் பேசப்படுவதில்லை.

தமிழ்நாட்டில் 108 அவசர ஊர்திச் சேவை 2008-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில் தொடங்கப்பெற்றது. அதற்கு மூன்றாண்டுகளுக்கு முன்னர், 2005-இல், ஐதராபாத்தில் இதற்கென ஒரு நிறுவனம் ஏற்பட்டது. அம்முறையையே பல மாநிலங்கள் பின்பற்றின. அண்டையிலுள்ள கர்நாடக மாநிலமும் 2008 நவம்பரில் அதே எண்ணைக் கொண்டு தன் சேவையைத் தொடங்கிற்று. இன்று நம் மாநிலத்தில் 1,300-க்கும் மேற்பட்ட ஊர்திகள் ஓடுகின்றன. நாம் அழைக்கும் அழைப்பு நம் ஊர் மருத்துவமனைக்குச் செல்வதன்று. சென்னையிலுள்ள கட்டுப்பாட்டு அறைக்குச் செல்கிறது. அங்கிருப்போர் அருகிலுள்ள ஊர்தியை அனுப்புகின்றனர். ஆகவே அழைப்பவர் தமது இருப்பிடத்தைத் தெளிவுறக் கூறல் இன்றியமையாதது. மாவட்டம், வட்டம், ஊர், அடையாளமான கோயில் அல்லது பள்ளி என்னும் வரிசையில் கூறுதல் நலம். "ஆலமரத்துக்குப் பக்கத்தில்" என்று மட்டும் சொன்னால் சென்னையில் இருப்பவருக்கு எந்த ஆலமரம் விளங்கும்?

இப்பகுதியார் மறத்தற்கரிய நாள் ஒன்று உண்டு. 2024-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 2-ஆம் நாள் காலையோடு முடிந்த ஒரே நாளில், பெஞ்சல் புயலின் விளைவாக, ஊத்தங்கரையில் ஐம்பது சென்டிமீட்டர் அளவிற்கு மழை பெய்தது. சாலையோரம் நிறுத்தப்பெற்றிருந்த ஊர்திகளே வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டன. அத்தகைய நாளில் எத்துணைச் சிறந்த அவசர ஊர்தியும் சாலையின்றி வருதற்கியலாது. பிரசவ வேதனையுற்ற பெண்ணையோ மார்பு வலியுற்ற முதியவரையோ முதலில் பாதுகாக்க வேண்டியவர்கள் ஊரில் இருப்பவர்களே. எந்தப் பாலத்தில் நீர் ஏறும், மாற்று வழி எது, டிராக்டர் யாரிடம் உள்ளது, நிறைமாதக் கருவுற்ற பெண்டிர் எந்தெந்த வீட்டில் உள்ளனர் என்னும் விவரங்கள் ஐப்பசி பிறக்குமுன்னரே எழுதி வைக்கப்பெறல் வேண்டும். இவற்றுள் இறுதியானது கிராம சுகாதார செவிலியரிடம் ஏற்கெனவே உள்ளது; கேட்டுப் பெறுதல் எளிது.

விபத்து நிகழ்ந்த இடத்தில் கூட்டம் விரைவில் கூடிவிடும். ஆயின் பொறுப்பேற்பார் அரியர். நூறு பேர் சூழ்ந்து நின்று, ஒவ்வொருவரும் மற்றவர் அழைத்திருப்பார் என்று எண்ணி, ஒருவரும் 108-ஐ அழையாதிருந்து விடுதலும் உண்டு. தலைமை என்பது இவ்விடத்தில் மிகச் சிறிய செயல்களால் ஆனது. ஒருவரைப் பெயர் சொல்லி, "நீ தொலைபேசியில் பேசு, வைத்துவிடாதே" என்றும், மற்றொருவரை, "நீ பெருஞ்சாலைச் சந்தியில் நின்று ஊர்தியை அழைத்து வா" என்றும், வேறொருவரைக் கூட்டத்தை விலக்குமாறும் பணித்தலே அது. குருதி பெருகும் காயத்தைத் தூய துணியால் அழுத்திப் பிடித்தல் வேண்டும். மயங்கி வீழ்ந்தவர் மூச்சின்றி இருப்பின், மார்பின் நடுவில் நிமிடத்திற்கு நூறு முதல் நூற்றிருபது முறை வரை, ஐந்து சென்டிமீட்டர் ஆழத்திற்கு அழுத்துதல் வேண்டும். பாம்பு கடித்த இடத்தைக் கீறுதலும், இறுகக் கட்டுதலும், வாயால் உறிஞ்சுதலும் தீங்கு விளைப்பன. கடிபட்ட உறுப்பை அசையாமல் வைத்து, கடித்த நேரத்தைக் குறித்துக்கொண்டு, விஷமுறிவு மருந்து உள்ள அரசு மருத்துவமனைக்குக் கொண்டு செல்லலே முறை. தமிழ்நாடு அரசு 2024 நவம்பரில் பாம்புக்கடியைக் கட்டாயம் அறிவிக்க வேண்டிய ஒன்றாக ஆக்கியுள்ளது. பூச்சி மருந்தை உட்கொண்டவருடன் அம்மருந்தின் புட்டியையும் அனுப்பிவிடல் வேண்டும். மருத்துவருக்கு அப்புட்டியின் மேலுள்ள பெயர் மிகவும் பயன்படும்.

சட்டத்திற்கு அஞ்சி ஒதுங்கி நிற்போரும் உளர். அவ்வச்சத்திற்கு இப்போது இடமில்லை. உச்ச நீதிமன்றம் 2016 மார்ச்சுத் திங்களில் உதவுவோருக்குப் பாதுகாப்பளிக்கும் நெறிகளை உறுதி செய்தது. 2019-இல் திருத்தப்பெற்ற மோட்டார் வாகனச் சட்டத்தின் 134அ பிரிவு, நல்லெண்ணத்தோடு உதவியவரை வழக்கிலிருந்து காக்கிறது. தமது பெயரைக் கூறுமாறு அவரைக் கட்டாயப்படுத்தலும் ஆகாது. மருத்துவச் செலவு பற்றிய அச்சத்திற்கும் விடையுண்டு. 2021 டிசம்பர் 18-ஆம் நாள் மேல்மருவத்தூரில் தொடங்கப்பெற்ற இன்னுயிர் காப்போம் திட்டத்தின்கீழ், தமிழ்நாட்டு எல்லைக்குள் சாலை விபத்துக்குள்ளானவர் எம்மாநிலத்தவராயினும், முதல் 48 மணி நேரச் சிகிச்சை திட்டத்தில் இணைந்த மருத்துவமனைகளில் கட்டணமின்றி அளிக்கப்படுகிறது. ஓசூர்த் தொழிற்சாலைகளுக்கு வேலைக்கு வரும் வடபுலத்து இளைஞர்க்கும், சரக்கு ஏற்றிவரும் கர்நாடக ஓட்டுநர்க்கும் இது பொருந்தும்.

இனி, ஊர்தியில் வருவோரைப் பற்றிச் சிறிது கூறுவோம். ஒவ்வோர் ஊர்தியிலும் ஓட்டுநர் ஒருவரும் மருத்துவ உதவியாளர் ஒருவரும் உளர். செவிலியப் படிப்போ, உயிரியல் சார்ந்த பட்டமோ பெற்றவர்கள் உதவியாளராகத் தேர்ந்தெடுக்கப்பெற்று, சில வாரப் பயிற்சி பெற்றுப் பணியில் சேர்கின்றனர். பன்னிரண்டு மணி நேர முறைப்பணி வழக்கிலுள்ளது. இதனைக் குறைக்க வேண்டுமெனத் தொழிலாளர் சங்கங்கள் பல முறை கோரியுள்ளன. இக்கோரிக்கை நோயாளியின் நலனையும் தொடுவதாகும் என்பது எமது கருத்து. விடியற்காலையில் வளைவுச் சாலையில் ஊர்தி ஓட்டுபவர் கண்ணயர்ந்தவராய் இருத்தல் யாருக்கு நன்மை?

இத்தொழில் எவ்வாறு வளர்ந்தது என்பதற்கு அமெரிக்க நாட்டுப் பிட்சுபர்க் நகரம் ஒரு சான்று. அங்கு முன்னர் நோயாளிகளைப் பெரும்பாலும் காவல்துறை வண்டிகளே ஏற்றிச் சென்றன. வழியில் சிகிச்சை என்பதே இல்லை. 1967-இல் ஃப்ரீடம் ஹவுஸ் என்னும் சேவை தோன்றிற்று. மார்பழுத்த உயிர்ப்பு முறையை வகுத்தவர்களுள் ஒருவராகிய மருத்துவர் பீட்டர் சாஃபர், வேலையற்றிருந்த கறுப்பின மக்களைப் பல மாதம் பயிற்றுவித்து, ஊர்தியிலேயே சிகிச்சை அளிக்கும் வல்லுநர்களாக ஆக்கினார். பின்னர் அதன் மருத்துவத் தலைமையை ஏற்ற நான்சி கரோலைன் இத்தொழிலுக்கே பாடநூல் எழுதினார். ஆயின் 1975-இல் நகராட்சி அச்சேவையைத் தன்வயப்படுத்தியபோது, அதனை உருவாக்கியவர்களுட் பலர் ஒதுக்கப்பட்டனர். திறமையை வளர்த்தவர்க்கே அதன் மதிப்புக் கிட்டாமற் போனது வருந்தத்தக்கது.

நம் நாட்டில் 2021-ஆம் ஆண்டின் தேசிய துணை மருத்துவத் தொழில்கள் ஆணையச் சட்டம், அவசர மருத்துவத் தொழில்நுட்பரையும் பதிவுபெறும் தொழிலினருள் சேர்த்துள்ளது. டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின்கீழ் விபத்து மற்றும் அவசர சிகிச்சைத் தொழில்நுட்பத்தில் இளநிலைப் பட்டப்படிப்பு உள்ளது. கிருஷ்ணகிரியிலும் 2022 ஜனவரியில் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பெற்றுவிட்டது. மேல்நிலைப் பள்ளியில் உயிரியல் பயிலும் நம் ஊர் மாணவ மாணவியர்க்கு இப்படிப்புகளைப் பற்றி எடுத்துரைப்பார் இலர். பொறியியலை விட்டால் ஓசூர் வேலையே கதி என்னும் எண்ணம் ஊன்றிவிட்டது. பெண்கள் தயங்க வேண்டுவதில்லை. தேனி மாவட்டத்துப் பெண்மணி ஒருவர் 2020 ஆகஸ்டுத் திங்களில் 108 ஊர்தியின் ஓட்டுநராகவே நியமனம் பெற்றார்.

ஊர்தி ஒன்றைத் தம் ஊரில் நிறுத்த வேண்டுமென மன்றங்கள் கோருவதுண்டு. "தாமதமாகிறது" என்று மட்டும் எழுதப்பெற்ற மனுவினால் பயன் சிறிதே. நாற்பது பக்கக் குறிப்பேடு ஒன்று போதும். அழைத்த நேரம், ஊர்தி வந்த நேரம், மருத்துவமனை சேர்ந்த நேரம், எம்மருத்துவமனை, என்ன நோய் என்னும் ஐந்து கலங்களை வரைந்து, நோயாளியின் பெயரை எழுதாமல், ஊராட்சிச் செயலர் ஆறு திங்கள் நிரப்பி வரலாம். எல்லைப்புற ஊராதலின், கிருஷ்ணகிரி, தருமபுரி, திருவண்ணாமலை ஆகிய மூன்றனுள் எங்குக் கொண்டு செல்லப்பட்டனர் என்பதும் அதில் தெரியவரும். அக்டோபர் 2-ஆம் நாள் கிராம சபையில் அதனைப் படித்துக் காட்டி, தீர்மானத்தோடு இணைத்து, வட்டார மருத்துவ அலுவலர்க்கும் மாவட்ட ஆட்சித் தலைவர்க்கும் அனுப்பலாம். அவ்வூர்தியின் உதவியாளரையும் அன்று அழைத்து, மார்பழுத்தும் முறையைச் சபையிலேயே செய்து காட்டச் சொல்லலாம்.