தோட்டக் குளத்தில் அல்லி நடும் முறை

தோட்டங்களிலும் பாடசாலைகளிலும் உள்ள சிறு குளங்களில் அல்லிக் கிழங்கைத் தரையிலேயே ஊன்றிவிடுவது பலருடைய வழக்கம். அவ்வாறு ஊன்றிய அல்லி சில வருஷங்களில் ஜலப்பரப்பு முழுவதையும் மூடிவிடும். பிறகு தூர் எடுப்பதும் கஷ்டமாகும். சட்டியில் நட்டாலோ செடி அளவுக்குள் அடங்கும். வேண்டும்போது வெளியே எடுத்துப் பிரித்தும் நடலாம்.

வகை: வெள்ளாம்பலும் செவ்வாம்பலும் இரவில் மலர்ந்து மறுநாட் காலையில் குவிவன. நீலோற்பலம் பகலில் மலர்வது. மலரைக் காணும் வேளையறிந்து வகையைத் தெரிந்துகொள்க.

இடம்: நாளொன்றுக்கு ஆறு மணி நேரமாவது வெயில் படவேண்டும். ஜலம் அலையாது நிற்கவேண்டும்.

சட்டியும் மண்ணும்: பதினாறு அங்குல அகலமும் பத்து அங்குல ஆழமும் உள்ள வாயகன்ற மண் தொட்டி ஏற்றது. அடித் துவாரத்தைச் சாக்குத் துண்டால் அடைக்க. களிப்புள்ள வண்டல் மண்ணை உலர்த்திச் சலித்து நிரப்புக. நன்றாய் மக்கிய எருவைச் சிறிதளவு அடிமண்ணில் மட்டும் கலக்கலாம். பச்சைச் சாணமும் பிண்ணாக்கும் இடலாகாது. அவை அழுகுங்கால் ஜலம் கெட்டு மீன்கள் மடியும்.

நடுதல்: குளங்கள் வற்றுந் தறுவாயில் கிழங்கு எடுப்பது எளிது. அழுகிய பாகத்தை நீக்கி, குருத்து மண்ணுக்கு மேல் தெரியும்படி நடுக. குருத்தைப் புதைத்தால் கிழங்கு அழுகும். மண் கலங்காதிருக்க மேலே ஓர் அங்குலம் பருக்கைக் கல் பரப்புக. முதலில் செங்கல்லின்மேல் வைத்து, குருத்துக்கு மேல் ஐந்து அங்குல ஜலம் நிற்கச் செய்க. இலைகள் பரவப் பரவக் கற்களை எடுத்து, ஒன்றரை அடி ஆழம் வரை இறக்கலாம். சட்டிக்குச் சட்டி ஆறடி இடைவெளி வேண்டும்.

பராமரிப்பு: பழுத்த இலைகளை அவ்வப்போது கிள்ளுக. ஜலப்பரப்பில் மூன்றில் ஒரு பங்காவது திறந்திருத்தல் நலம். கொசுப் புழுக்களை உண்ண உள்ளூர்ச் சிறு மீன்களை விடுக.

எச்சரிக்கை: கொண்டுவந்த கிழங்கின் வேரில் ஆகாயத்தாமரையின் சிறு துண்டு ஒட்டியிருந்தாலும் போதும், தென் அமெரிக்காவிலிருந்து வந்த அக்களை விரைவில் பெருகி, வாய்க்கால் வழியே ஏரிகளை அடைத்துவிடும். ஆகையால் கிழங்கை வேறு பாத்திரத்தில் கழுவி, அந்த ஜலத்தை மேட்டு நிலத்தில் கொட்டுக. மிஞ்சிய கிழங்குகளையும் பாசன ஏரியில் எறியாமல் உலர்த்தி எரித்துவிடுக. ஏரியில் ஆகாயத்தாமரை ஒன்றிரண்டு தோன்றியவுடனே களைவிப்பதில் கிராம உத்தியோகஸ்தர்கள் கவனஞ் செலுத்தவேண்டும். பரவியபின் களைவதற்கு ஆகும் கூலியும் காலமும் பன்மடங்காகும்.