சூடாகி நின்றுவிடும் மடிக்கணினி

மடிக்கணினியில் அரைமணி நேரமாக வேலை செய்துகொண்டிருக்கிறீர்கள். உள்ளேயிருக்கும் விசிறி பலமாக இரைகிறது. அடிப்பாகம் கை வைக்க முடியாதபடி சுடுகிறது. திடீரென்று திரை இருண்டு, கணினி நின்றுவிடுகிறது. சேமிக்காமல் வைத்திருந்த கட்டுரையும் போய்விட்டது! பத்து நிமிடம் கழித்துப் பொத்தானை அழுத்தினால் ஒன்றும் நடவாததுபோல ஓடுகிறது. சற்று நேரத்தில் மறுபடியும் அதே கதைதான்.

"இது கெட்டுப்போய்விட்டது, புதிதுதான் வாங்கவேண்டும்" என்று வீட்டில் முடிவுகட்டிவிடுவார்கள். அவசரம் வேண்டாம், மாணவர்களே! பெரும் செலவு செய்வதற்கு முன்னால் நீங்கள் படித்த இயற்பியலைக் கொஞ்சம் பயன்படுத்திப் பார்ப்போம்.

வெப்பம் எங்கிருந்து வருகிறது?

கணினியின் மூளையாக இருப்பது செயலி என்னும் சிறு சில்லு. இன்றைய செயலியில் நூற்றுக்கணக்கான கோடி டிரான்சிஸ்டர்கள் இருக்கின்றன. இவை ஒரு நொடிக்குள் எண்ணற்ற முறை மின்னோட்டத்தைத் திறந்து மூடுகின்றன. செயலி வாங்கிக்கொள்ளும் மின்னாற்றல் ஏறக்குறைய முழுவதும் கடைசியில் வெப்பமாகவே மாறுகிறது.

அது எவ்வளவு வெப்பம்? ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 750 வாட் சலவைப்பெட்டியின் அடித்தகடு 180 சதுர சென்டிமீட்டர் பரப்புடையது என்று கொள்வோம். சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 4 வாட் வருகிறது. இனி 25 வாட் செலவிடும் செயலியை எடுத்துக்கொள்வோம். அதன் பரப்பு 1.5 சதுர சென்டிமீட்டர் என்றால், சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 17 வாட்! சலவைப்பெட்டியைப்போல் நான்கு மடங்கு. இந்த வெப்பம் உடனுக்குடன் வெளியேறாவிட்டால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள்.

வெளியேறும் வழி

சில்லின்மேல் ஒரு தாமிரத் தகடு அழுத்தி வைக்கப்பட்டிருக்கிறது. இரண்டு பரப்புகளும் கண்ணுக்கு வழவழப்பாகத் தெரிந்தாலும் அவற்றில் நுண்ணிய மேடுபள்ளங்கள் உண்டு. பள்ளங்களில் காற்று தங்கும். காற்றோ வெப்பத்தை மிக அரிதாகவே கடத்தும். தாமிரம் காற்றைவிடப் பத்தாயிரம் மடங்குக்கும் மேலாக வெப்பத்தைக் கடத்தக்கூடியது. எனவே அந்த இடைவெளியை நிரப்ப ஒருவகைப் பசை தடவுகிறார்கள். கடைகளில் இதை 'தெர்மல் பேஸ்ட்' என்பார்கள்.

தகட்டிலிருந்து வெப்பத்தைத் தொலைவுக்கு எடுத்துச் செல்வது வெப்பக் குழாய். இது இருபுறமும் அடைக்கப்பட்ட தாமிரக் குழாய். உள்ளே காற்றை நீக்கிவிட்டுச் சிறிதளவு நீர் விட்டிருப்பார்கள். அழுத்தம் குறைந்தால் நீர் குறைந்த வெப்பநிலையிலேயே கொதிக்கும் அல்லவா? சூடான முனையில் நீர் ஆவியாகிறது. ஆவி குளிர்ந்த முனைக்கு ஓடி அங்கே வெப்பத்தை விட்டுவிட்டு மீண்டும் நீராகிறது. விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதுபோல, குழாயின் உட்சுவரிலுள்ள நுண்துளைகள் வழியாக அந்நீர் பழைய இடத்துக்கே திரும்பிவிடுகிறது. அமெரிக்காவின் லாஸ் அலமாஸ் ஆய்வுக்கூடத்தில் ஜார்ஜ் குரோவர் என்பவர் 1963-இல் இத்தகைய குழாயை உருவாக்கினார்.

குழாயின் குளிர்ந்த முனையில் மெல்லிய தகடுகள் நெருக்கமாக அடுக்கப்பட்டுள்ளன. விசிறி அவற்றினூடே காற்றைத் தள்ளி வெப்பத்தை வெளியேற்றுகிறது.

வெப்பத்துக்கும் ஓர் ஓம் விதி!

மின்னழுத்த வேறுபாடு = மின்னோட்டம் × மின்தடை. இது நீங்கள் அறிந்ததே. வெப்பத்துக்கும் இதைப் போலவே எழுதலாம்:

வெப்பநிலை வேறுபாடு = வெப்பமாகும் திறன் × வெப்பத்தடை

பசை, தகடு, குழாய், காற்று ஆகிய ஒவ்வொன்றும் தொடராக இணைத்த ஒரு தடை. எல்லாம் சேர்ந்து, வாட் ஒன்றுக்கு 2 டிகிரி வெப்பத்தடை என்று வைத்துக்கொள்வோம். 25 வாட் செயலி, அறையைவிட 50 டிகிரி அதிகமாகச் சூடாகும். அறை வெப்பநிலை 25 டிகிரி செல்சியஸ் என்றால் செயலி 75 டிகிரியில் இருக்கும். கவலையில்லை.

இப்போது தகடுகளுக்கிடையே தூசி அடைத்துக்கொண்டு, வெப்பத்தடை 2.6 ஆக உயர்ந்துவிட்டது என்று கொள்ளுங்கள். ஜனவரி மாதத்தில் 25 + 65 = 90 டிகிரி. எப்படியோ சமாளித்துவிடுகிறது. மே மாதத்தில் அறையே 40 டிகிரி. 40 + 65 = 105 டிகிரி! குளிர்காலத்தில் ஒழுங்காக ஓடிய கணினி கோடையில் தகராறு செய்வதன் காரணம் புரிகிறதா? கோளாறு கோடையில் பிறக்கவில்லை. முன்பே இருந்தது, கோடை அதைக் காட்டிக்கொடுத்தது.

நின்றுபோவது நோயல்ல, காப்பு

பல செயலிகளுக்கு 100 டிகிரியை ஒட்டி ஓர் எல்லை வகுத்திருக்கிறார்கள். செயலிக்குள்ளேயே வெப்ப உணரிகள் உண்டு. எல்லையை நெருங்கியதும் செயலி தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்கிறது. கணினி மந்தமாவது இதனால்தான். அப்படியும் வெப்பம் அடங்காவிட்டால் மின்சாரம் துண்டிக்கப்படுகிறது. வீட்டிலுள்ள 'ஃபியூஸ்' செய்யும் வேலையைப் போன்றது இது. ஃபியூஸ் எரிந்தால் காரணத்தைத் தேடாமல் தடித்த கம்பியைப் போடுவது தவறல்லவா? கணினியைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டுக்கொண்டே இருப்பதும் அப்படித்தான்.

கோளாறு எங்கே?

முதல் வேலை, முக்கியமான கோப்புகளுக்கு வேறோர் இடத்தில் நகல் எடுத்து வைப்பது. அடுத்து ஒரு குறிப்பேடு எடுத்துக்கொள்ளுங்கள். எத்தனை நிமிடத்தில் நின்றது, அப்போது என்ன வேலை நடந்தது என்று எழுதுங்கள். ஒரு விதியை மறவாதீர்கள்: ஒரு சோதனையில் ஒன்றை மட்டுமே மாற்றவேண்டும். இரண்டை மாற்றினால் எதனால் குணமானது என்று தெரியாது.

1. சூட்டோடு நிற்கிறதா, குளிர்ந்த நிலையிலும் நிற்கிறதா? காலையில் முதன்முதலாகத் திறந்த உடனேயே நின்றால் வெப்பத்தின்மேல் பழி போடவேண்டாம். நினைவகம், வட்டு, மின்கலம், அடாப்டர் ஆகியவற்றைச் சந்தேகியுங்கள். நினைவகத்தைச் சோதிக்க விண்டோஸில் 'மெமரி டயக்னாஸ்டிக்' என்ற கருவி உள்ளது.

2. கணினி எதன்மேல் இருக்கிறது? மெத்தையும் தலையணையும் அடிப்பக்கக் காற்றுத் துளைகளை மூடிவிடும். மேசைமேல் வைத்து, அதே வேலையைச் செய்து பாருங்கள்.

3. காற்று வருகிறதா? மெல்லிய காகிதத் துண்டைக் காற்று வெளிவரும் துளையருகே பிடியுங்கள். விசிறி இரைந்தும் காகிதம் ஆடவில்லையென்றால் வழி அடைபட்டிருக்கிறது. கணினி நன்கு சூடான பிறகும் இரைச்சலே இல்லையென்றால் விசிறியே ஓடவில்லை.

4. வேலைப்பளு அதிகமா? கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று பொத்தான்களையும் சேர்த்து அழுத்தினால், எந்த நிரல் செயலியை அதிகம் வாட்டுகிறது என்று விண்டோஸ் காட்டும். வேண்டாத நிரலை மூடினால் திறன் குறையும். மேற்சொன்ன கணக்கில் 25 வாட் 20 வாட்டாகக் குறைந்தால், மே மாதத்திலும் 40 + 52 = 92 டிகிரிதான்!

5. காற்று நன்றாக வருகிறது, வேலையும் குறைவு, ஆனாலும் சில நிமிடங்களில் சூடேறுகிறதா? பசை காய்ந்திருக்கலாம், தகடு சரியாகப் பதியாமல் இருக்கலாம். இதைப் பழக்கமுள்ளவரிடம் ஒப்படையுங்கள். உங்கள் குறிப்பேட்டையும் காட்டுங்கள். தேவையில்லாத பாகத்தை மாற்றும் செலவு மிஞ்சும்.

தூசியை நீக்கும்போது கணினியை அணைத்து, அடாப்டரைக் கழற்றிவிடுங்கள். மூடியைத் திறந்திருந்தால் விசிறியின் இறக்கை சுழலாதபடி ஒரு பல்குச்சியால் பிடித்துக்கொண்டு, மென்மையான தூரிகையால் தட்டி, ரப்பர் ஊதியால் ஊதுங்கள். வாயால் ஊதினால் ஈரம் சேரும்.

எச்சரிக்கை!

அடிப்பாகம் உப்பியிருக்கிறதா? தொடுதளம் மேலெழும்பி நிற்கிறதா? அப்படியானால் சோதனைகள் எதுவும் வேண்டாம். உள்ளிருக்கும் லித்தியம் அயனி மின்கலத்தில் வாயு சேர்ந்திருக்கலாம். அதிலுள்ள திரவம் தீப்பற்றக்கூடியது. கணினியை அணையுங்கள், மின்னூட்டம் செய்யாதீர்கள், அழுத்தவோ குத்தவோ கூடாது. பெரியவர்களிடம் சொல்லிப் பழுதுபார்ப்பவரிடம் சேர்ப்பியுங்கள். 2006-இல் டெல் நிறுவனம், தீப்பிடிக்கும் அபாயம் கருதி, சோனி தயாரித்த மின்கலங்களில் சுமார் 41 லட்சத்தைத் திரும்பப் பெற்றது. இது விளையாட்டல்ல என்பதற்கு இதுவே சான்று.

செய்து பாருங்கள்

ஒரே அளவுள்ள இரண்டு எவர்சில்வர் டம்ளர்களில் சம அளவு வெந்நீர் ஊற்றுங்கள். ஒன்றைக் கனத்த துண்டால் சுற்றுங்கள். மற்றதை மின்விசிறியின் கீழ் திறந்தபடி வையுங்கள். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை வெப்பநிலையைக் குறித்து வரைபடம் வரையுங்கள். எந்த டம்ளர் மெத்தைமேல் வைத்த மடிக்கணினி, எது மேசைமேல் வைத்தது என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.

சிந்தியுங்கள்

அ. அறை வெப்பநிலை 35 டிகிரி. வெப்பத்தடை வாட்டுக்கு 2.5 டிகிரி, திறன் 30 வாட். செயலியின் வெப்பநிலை என்ன? அதை 100 டிகிரிக்குக் கீழே கொண்டுவர எத்தனை வழிகள் உண்டு?

ஆ. சூடான மடிக்கணினியைக் குளிர்பதனப் பெட்டிக்குள் வைத்தால் விரைவில் குளிர்ந்துவிடுமே! ஏன் அப்படிச் செய்யக்கூடாது? குளிர்ந்த தண்ணீர் நிரம்பிய டம்ளரின் வெளிப்புறத்தை உற்றுப் பாருங்கள், விடை கிடைக்கும்.