பாப்பி விதைக்கலாம், கசகசா டப்பாவைத் திறக்காமல்

பாப்பி வளர்க்கப் போகிறேன் என்றதும் வீட்டில் யாராவது கசகசா டப்பாவை எடுத்து நீட்டுவார்கள். அது வேண்டாம். குருமாவுக்கு அரைக்கும் கசகசா, அபின் எடுக்கும் செடியின் விதை. அதை வளர்ப்பதை 1985-ஆம் ஆண்டு போதைப்பொருள் சட்டம் தடை செய்கிறது. மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான், உத்தரப் பிரதேசம் ஆகிய மாநிலங்களில் உரிமம் பெற்ற விவசாயிகள் மட்டும் பயிரிடுகிறார்கள். ‘தொட்டியில் நாலு செடிதானே, பூவுக்காகத்தானே’ என்ற சமாதானம் எடுபடாது. ஆன்லைனில் வாங்கும்போதும் கவனம் தேவை. ‘பியோனி பாப்பி’ என்று விற்பதும் அதே செடிதான். பாக்கெட்டில் ‘சோம்னிஃபெரம்’ என்று இருந்தால் தொடாதீர்கள்.

நமக்கு ஏற்றவை ஷெர்லி பாப்பியும் கலிபோர்னியா பாப்பியும். ஆரஞ்சு நிறக் கலிபோர்னியா எளிது. ஆனால் என் ஓட்டு ஷெர்லிக்கே.

குளிர் வேண்டிய செடி இது. ஊட்டி, கோத்தகிரி, கொடைக்கானல், ஏற்காடு, கொஞ்சம் முயன்றால் ஓசூர். சென்னையிலும் மதுரையிலும் இருப்பவர்கள் காசை மிச்சப்படுத்துங்கள். வெயில் ஏறியதும் செடி வதங்கிவிடும். அங்கே பாப்பிக் குடும்பத்துச் செடியைத்தான் பார்க்க வேண்டும் என்றால் சாலையோரத்துப் பிரம்மதண்டு இருக்கிறது: முள் இலை, மஞ்சள் பூ, கிள்ளினால் மஞ்சள் பால். பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். கடுகை ஒத்த அதன் விதை எண்ணெயில் கலந்து பலரை நோயில் தள்ளியிருக்கிறது.

கார்த்திகை மழை ஓய்ந்ததும் விதைக்கலாம். குறைந்தது ஆறு மணி நேரம் வெயில் படும் இடமாகப் பாருங்கள். தண்ணீர் தேங்கக் கூடாது; தேங்குமென்றால் மேட்டுப்பாத்தி போடுங்கள். உரத்தில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். தொழு உரத்தை அள்ளிக் கொட்டினால் இலை தழைக்கும், தண்டு சாயும், பூ குறையும். பழைய மண்புழு உரம் ஒரு கைப்பிடி போதும். யூரியா பக்கமே போக வேண்டாம். நீலகிரி மண் புளிப்பு மண் என்பதால் அங்கே கொஞ்சம் விறகுச் சாம்பல் தூவிக் கிளறிவிடலாம்.

குழித்தட்டில் நாற்று விட்டுப் பிடுங்கி நடும் பழக்கத்தை இங்கே மறந்துவிடுங்கள். ஒற்றை ஆணிவேர் ஆழமாக இறங்கும். அதை அசைத்தால் செடி தேறாது. பூக்கும் இடத்திலேயே, அல்லது ஒரு அடி ஆழத் தொட்டியில், நேரடியாகத் தூவ வேண்டும். ஒரு கிராமிலேயே பல ஆயிரம் விதைகள் இருக்கும் என்பதால் ஒரு சிட்டிகை விதையை ஒரு டம்ளர் காய்ந்த மணலில் கலந்து தூவுங்கள். மணல் விழுந்த இடம் தெரியும், ஒரே இடத்தில் குவியாது. மேலே மண் போட்டு மூடாதீர்கள். முளைக்க வெளிச்சம் வேண்டும். உள்ளங்கையால் லேசாக அழுத்திவிட்டு, தெளிப்பானால் பனி மாதிரி தண்ணீர் அடியுங்கள். பூவாளி ஊற்றினால் விதையெல்லாம் ஒரு மூலைக்கு ஓடிவிடும். பாத்தியைச் சுற்றி எறும்பு வரிசை இருக்கிறதா என்றும் பாருங்கள், விதையைத் தூக்கிக்கொண்டு போய்விடும்.

இரண்டு மூன்று வாரத்தில் நூல் போன்ற முளை தெரியும். இரண்டு அங்குலம் வளர்ந்ததும் கலைக்க வேண்டும். ஒரு சாணுக்கு ஒரு செடி. மனசு வராதுதான், ஆனாலும் செய்யுங்கள். நெருக்கமாக விட்டால் அழுகல் நோய் எல்லாவற்றையும் கொண்டுபோகும். வேண்டாததைப் பிடுங்காமல் கத்தரியால் வெட்டினால் பக்கத்துச் செடியின் வேர் அசையாது. அதன்பின் மேல்மண் காய்ந்தால் மட்டும் தண்ணீர்.

மொட்டு முதலில் தலை கவிழ்ந்து தொங்கும். வாடிவிட்டது என்று பதறித் தண்ணீர் ஊற்ற வேண்டாம். மலரும் நேரத்தில் தானாக நிமிரும். மேலிருக்கும் ரோமம் படர்ந்த இரண்டு தோலும் கழன்று விழ, கசங்கிய இதழ்கள் பிரிந்து விரியும். ஒரு பூ ஓரிரு நாள்தான் நிற்கும். தேன் கிடையாது, மகரந்தத்துக்காகவே தேனீக்கள் காலையிலேயே வந்துவிடும். உதிர்ந்த பூவின் காயை அவ்வப்போது கிள்ளினால் அடுத்தடுத்து மொட்டு வரும். ஜாடியில் வைப்பதானால் மலரப்போகும் மொட்டாக வெட்டி, தண்டு நுனியைத் தீயில் காட்டிவிட்டு வையுங்கள்.

விதைக்காகச் சில காய்களை விட்டுவைக்க வேண்டும். தனிச் செடியில் விதை பிடிக்காது, மகரந்தம் வேறொரு செடியிலிருந்து வர வேண்டும். காய் பழுத்து உலர்ந்ததும் மூடிக்குக் கீழே வட்டமாகத் துளைகள் திறக்கும். மிளகுத்தூள் டப்பா மாதிரி கவிழ்த்துத் தட்டினால் போதும்.

எந்தச் செடியின் விதை என்பதுதான் முக்கியம். லண்டன் அருகே ஷெர்லியில் பாதிரியாராக இருந்த வில்லியம் வில்க்ஸ், 1880 வாக்கில் சிவப்பு வயல் பாப்பிகளுக்கு நடுவே இதழோரம் வெளுத்த ஒரு பூவைக் கண்டார். அதன் விதையை மட்டும் எடுத்து விதைத்து, பிடித்ததை வைத்துப் பிடிக்காததைக் களைந்து, ஆண்டுக்கணக்கில் இதையே செய்து உருவாக்கிய ரகம் இது. அசல் ஷெர்லியின் நடுவில் கறுப்பு இருக்காது. உங்கள் பாத்தியில் கறுப்புத் திட்டோடு ஒரு பூ மலர்ந்தால் தேனீ வருமுன் அந்தச் செடியை எடுத்துவிடுங்கள். பிடித்த நிறம் பூத்த செடியில் நூல் கட்டி, அதன் விதையைக் காகித உறையில் தேதி எழுதி வையுங்கள்.