விடைக்குப் பின் எழும் வினா

கல்லூரி வினாடி வினா மேடையில் ஒரு வினாவுக்குக் கிடைக்கும் நேரம் சில நொடிகளே. மணி ஒலிப்பதற்குள் விடை வர வேண்டும். வந்தால் மதிப்பெண், வராவிட்டால் வினா அடுத்த அணிக்குச் செல்லும். இதற்காக மாணவர்கள் பல மாதங்கள் பொது அறிவு நூல்களை மனனம் செய்கின்றனர். தலைநகரங்கள், நாணயங்கள், நதிகள், விருதுகள், முதன்முதலில் செய்தவர்கள் என ஆயிரக்கணக்கான செய்திகள் நினைவில் ஏறுகின்றன. போட்டி முடிந்து கோப்பையும் அலமாரிக்குச் சென்றபின், அம்மாணவரிடம் எஞ்சி நிற்பது என்ன?

எஞ்சி நிற்பது அறிவாக இருக்க வேண்டுமானால், ஒவ்வொரு விடைக்குப் பின்னும் ஒரு மறுவினா எழ வேண்டும். அந்த மறுவினாக்கள் நான்கு: எப்போது? ஏன்? யாரால்? எவ்வாறு அறிந்தோம்? இவற்றைப் பழகும் முறையை இப்பாடம் விளக்குகிறது.

கேட்டு அறியும் மரபு

வினாவால் அறிவை வளர்ப்பது நம் நாட்டின் தொன்மையான வழக்கம். பிரச்ன உபநிஷதம் தன் பெயரிலேயே வினாவைத் தாங்கி நிற்கிறது. ஆறு பேர் பிப்பலாத முனிவரை அணுகித் தம் ஐயங்களைக் கேட்க விரும்பினர். அவர் உடனே விடை கூறவில்லை. ஓராண்டு தவத்துடனும் சிரத்தையுடனும் தம்மோடு தங்குமாறும், பிறகு கேட்குமாறும், தமக்குத் தெரிந்தால் கூறுவதாகவும் சொன்னார். கேட்பவருக்குப் பொறுமையும், சொல்பவருக்கு அடக்கமும் வேண்டும் என்பதே இதிலுள்ள பாடம்.

திருக்குறளில் கல்வி, கல்லாமை என்னும் அதிகாரங்களை அடுத்து 42ஆம் அதிகாரமாகக் 'கேள்வி' அமைந்துள்ளது. அங்கே அச்சொல்லுக்குக் கற்றறிந்தோரிடம் செவி கொடுத்தல் என்று பொருள். இன்று அதே சொல் வினாவைக் குறிக்கிறது. கேட்பதும் செவிமடுப்பதும் ஒரே சொல்லில் அடங்கியிருப்பது தமிழின் சிறப்பு.

இன்றைய வடிவிலான வினாடி வினா நம் நாட்டில் வேரூன்றியது அண்மைக் காலத்தில்தான். 1967இல் கொல்கத்தாவில் நீல் ஓ பிரையன் நடத்திய போட்டி, இந்தியாவின் முதல் பொது வினாடி வினாவாகக் கருதப்படுகிறது. 1985இல் சித்தார்த்த பாசு நடத்திய 'குவிஸ் டைம்' தூர்தர்ஷன் வழியாகக் கல்லூரி மாணவர்களின் போட்டியை வீடுதோறும் கொண்டு சேர்த்தது.

பயிற்சிக்கு ஓர் ஊர்

மறுவினாக்களைப் பழக உலகம் முழுவதையும் ஒரே நாளில் எடுத்துக்கொள்ளத் தேவையில்லை. ஓர் ஊரும் அதைச் சுற்றியுள்ள மலைகளும் போதும். கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தில், உடும்பன்சோலை வட்டத்தில் உள்ள வண்டன்மேடு அத்தகைய ஊர். தேனி மாவட்டத்துக் கம்பத்திலிருந்து கம்பம்மெட்டு வழியாக மலையேறினால் ஏலத்தோட்டங்களின் நடுவே இவ்வூரை அடையலாம். தமிழும் மலையாளமும் கலந்து ஒலிக்கும் எல்லைப்பகுதி இது. ஏலக்காய் வணிகத்தால் பெயர் பெற்ற இவ்வூரையொட்டிய புற்றடியிலும், தமிழகத்தின் போடிநாயக்கனூரிலும் நறுமணப் பொருள் வாரியத்தின் மின்னணு ஏல மையங்கள் அமைந்துள்ளன.

முதல் மறுவினா: எப்போது?

'கேரளத்தில் பரப்பளவால் மிகப் பெரிய மாவட்டம் எது?' போட்டிகளில் அடிக்கடி இடம்பெறும் வினா இது.

1972 ஜனவரி 26 அன்று இடுக்கி மாவட்டம் உருவாக்கப்பட்டது. நெடுங்காலம் இவ்வினாவுக்கு 'இடுக்கி' என்பதே சரியான விடையாக இருந்தது. 1990களின் பிற்பகுதியில் குட்டம்புழைப் பகுதி இடுக்கியிலிருந்து பிரிக்கப்பட்டு எர்ணாகுளம் மாவட்டத்துடன் சேர்க்கப்பட்டது. அதன்பின் சரியான விடை 'பாலக்காடு' ஆயிற்று. 2023 செப்டம்பரில் குட்டம்புழைக் கிராமத்தின் 12,718 ஹெக்டேர் நிலம் இடுக்கியின் இடமலைக்குடிக் கிராமத்துடன் இணைக்கப்பட்டது. அன்று முதல் விடை மீண்டும் 'இடுக்கி'.

இத்தனை மாற்றத்திலும் எந்த மலையும் இடம் பெயரவில்லை. எந்த ஆறும் திசை மாறவில்லை. வருவாய்த் துறைப் பதிவேட்டில் ஒரு கோடு மட்டும் நகர்ந்தது. இருபது ஆண்டுகளுக்கு முன் அச்சான நூலை வைத்துப் படிக்கும் மாணவர் 'பாலக்காடு' என்பார். அதற்கும் முந்தைய நூலை வைத்திருப்பவர் 'இடுக்கி' என்று கூறி, காரணம் அறியாமலே மதிப்பெண் பெறுவார். சரியான விடை தற்செயலாகவும் கிடைக்கலாம். அதை அறிவு என்று கொள்வதற்கில்லை.

இந்திய மாநிலங்களின் எண்ணிக்கையும் இவ்வாறானதே. 2014 ஜூன் 2 அன்று தெலங்கானா பிறந்தபோது 28 என்பது 29 ஆயிற்று. 2019 அக்டோபர் 31 அன்று ஜம்மு காஷ்மீர் மாநிலம் இரு ஒன்றியப் பிரதேசங்களாக்கப்பட்டபோது மீண்டும் 28 ஆயிற்று. எனவே ஒரு செய்தியைக் குறித்துக்கொள்ளும்போது அதன் ஆண்டையும் சேர்த்தே குறிப்பது முதல் ஒழுங்கு.

இரண்டாம் மறுவினா: ஏன்?

'ஆலப்பி கிரீன் என்ற வணிகப் பெயர் எப்பொருளுக்கு உரியது?' விடை: ஏலக்காய்.

பலர் இத்துடன் நின்றுவிடுவர். ஆலப்புழை கடலோரத்தில் அமைந்த சமவெளி. அங்கே ஏலக்காய் விளைவதில்லை. விளைவது வண்டன்மேட்டைச் சூழ்ந்த மலைகளில். அவ்வாறாயின் பெயர் மட்டும் ஏன் கடற்கரைக்குச் சென்றது?

திருவிதாங்கூர் மன்னராட்சிக் காலத்தில் ஏலக்காய் வாணிபம் நெடுங்காலம் அரசின் தனியுரிமையாக இருந்தது. மலையில் விளைந்த காய் அரசின் ஆலப்புழைக் கிடங்குக்குச் சென்று, அங்கே விற்பனையாகி, துறைமுகம் வழியே வெளிநாடுகளுக்குச் சென்றது. வாங்கியவர்கள் தாம் பார்த்த துறைமுகத்தின் பெயரைக் காய்க்கு இட்டனர். பார்க்காத மலையின் பெயர் அவர்களுக்குத் தெரியவில்லை. ஆட்சி முறை மாறிய பின்னும் அப்பெயர் நிலைத்துவிட்டது.

'ஏன்' என்ற ஒரு சொல்லால் வரலாறு, புவியியல், வணிகம் ஆகிய மூன்றும் ஒரே விடைக்குள் வந்து சேர்ந்தன. இவ்வாறு காரணத்தோடு கற்ற செய்தி எளிதில் மறப்பதில்லை.

மூன்றாம் மறுவினா: யாரால்?

'முல்லைப் பெரியாறு அணையைக் கட்டியவர் யார்?' என்றால் 'பென்னிகுவிக்' என்ற விடை உடனே வரும். தேனி மாவட்டத்து மக்கள் அவரை நன்றியோடு நினைப்பது முறையே. ஆயினும் 1887 முதல் 1895 வரை நடந்த அப்பணியில் காட்டு வெள்ளத்தையும் காய்ச்சலையும் காலராவையும் எதிர்கொண்டு, சுண்ணாம்புச் சாந்து சுமந்து, கல் அடுக்கிய ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள் இருந்தனர். நூற்றுக்கணக்கானோர் அங்கேயே உயிர் நீத்தனர். அவர்களுடைய பெயர்களை எந்த வினாத்தாளும் கேட்பதில்லை.

1976இல் திறந்துவைக்கப்பட்ட இடுக்கி அணை குறவன், குறத்தி என்னும் இரு மலைகளுக்கு இடையே வளைந்து நிற்கிறது. உயரம் சுமார் 169 மீட்டர். 'இது எவ்வகை அணை?' என்பதற்கு 'வளைவு அணை' என்பது விடை. பெரியாறு அம்மலைகளுக்கு நடுவே பாயும் இடத்தை வெளியாருக்குக் காட்டியவர் ஊராளிப் பழங்குடித் தலைவர் கொலும்பன் என்று வழங்கப்படுகிறது. அவருக்கு அணையின் அருகே நினைவிடம் உண்டு. காட்டை அறிந்த ஒருவரின் அறிவும், கணக்கை அறிந்த பொறியாளர்களின் அறிவும் சேர்ந்தே அந்த அணை எழுந்தது.

இனி ஏலக்காய்க்கே வருவோம். 'நறுமணப் பொருள்களின் அரசி எது?' என்று கேட்டால் சிறுவர்களும் விடை கூறுவர். அந்த அரசியை ஈன்றெடுக்கும் உழைப்பு எத்தகையது? ஏலச்செடியின் பூங்கொத்து தண்டின் அடியிலிருந்து கிளைத்துத் தரையை ஒட்டிப் படர்கிறது. ஆகவே காய் எடுப்போர் ஒவ்வொரு செடியின் அடியிலும் குனிந்தோ குந்தியோதான் எடுக்க வேண்டும். எல்லாக் காயும் ஒருசேர முற்றுவதில்லை. பருவத்தில் பல முறை அதே செடியிடம் திரும்பி வர வேண்டும். மழைக்காலத்தில் அட்டைக் கடி வேறு. இப்பணியைச் செய்வோரில் பெரும்பாலோர் பெண்கள். கம்பம், போடி பகுதிகளிலிருந்து நாள்தோறும் ஜீப்புகளில் மலையேறி வருவோரும் அவர்களுள் உண்டு. எடுத்த காய் 'ஸ்டோர்' எனப்படும் உலர்த்தும் கூடத்தில் மிதமான வெப்பத்தில் பச்சை நிறம் மாறாமல் உலர்த்தப்படுகிறது. ஏறத்தாழ ஐந்து கிலோ பச்சைக்காய் உலர்ந்து ஒரு கிலோவாகிறது.

அதற்கும் முன்னே தேனீ உழைத்திருக்கிறது. ஏலப்பூ மலர்ந்து ஒரு நாளில் வாடிவிடும். அதற்குள் தேனீ வந்தால்தான் காய் பிடிக்கும். 'ஞள்ளானி' என்ற உயர் விளைச்சல் வகையைக் கண்டறிந்தவர் ஆய்வுக்கூட அறிஞர் அல்லர். கட்டப்பனைப் பகுதியைச் சேர்ந்த செபாஸ்டியன் ஜோசப் என்ற விவசாயி. தம் தோட்டத்துச் செடிகளைப் பொறுமையாகக் கவனித்துச் சிறந்தவற்றைப் பெருக்கி, அவர் அவ்வகையை உருவாக்கினார்.

அத்தோட்டங்களில் காய் எடுக்கும் ஒரு தாயின் பிள்ளை கல்லூரி மேடையில் 'அரசி'யின் பெயரைக் கூறிக் கைதட்டல் பெறலாம். அந்தக் கைதட்டலில் தாயின் கைகளுக்கும் பங்கு உண்டு என்று அப்பிள்ளை உணரும்போது, கற்ற செய்தி பண்பாக மாறுகிறது. உணராவிட்டால், படிப்பு பெற்றவரையே தாழ்வாகப் பார்க்கக் கற்றுக்கொடுத்துவிடும். பொது அறிவில் மறைந்திருக்கும் ஆபத்து இதுவே.

நான்காம் மறுவினா: எவ்வாறு அறிந்தோம்?

'குவிஸ்' என்ற ஆங்கிலச் சொல்லின் பிறப்பைப் பற்றி ஒரு சுவையான கதை உண்டு. டப்ளின் நகர நாடக அரங்க உரிமையாளர் டேலி என்பவர், ஒரே நாளில் ஒரு புதிய சொல்லை ஊரார் வாயில் புழங்கச் செய்வதாகப் பந்தயம் கட்டி, சுவர்தோறும் இச்சொல்லை எழுதச் செய்து வென்றாராம். இது 1791இல் நடந்ததாகச் சொல்லப்படுகிறது. ஆனால் ஆங்கில எழுத்தாளர் ஃபேனி பர்னியின் 1782ஆம் ஆண்டு நாட்குறிப்பிலேயே அச்சொல் காணப்படுகிறது. வினாடி வினாவின் பெயரைப் பற்றிய பொது அறிவே பிழையாகப் பரவியிருக்கிறது!

'இந்தியாவின் தேசிய விளையாட்டு ஹாக்கி' என்று பல பாட நூல்கள் கற்பித்துவந்தன. எந்த விளையாட்டையும் தேசிய விளையாட்டாக அரசு அறிவிக்கவில்லை என்று 2012இல் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் விடை கிடைத்தது. அதைக் கேட்டுப் பெற்றவர் ஒரு பள்ளிச் சிறுமி. பெரியவர்கள் ஆண்டுக்கணக்கில் திருப்பிச் சொன்னதை, ஒரு குழந்தை உரிய இடத்தில் கேட்டுத் தெளிந்தாள்.

தெரியாது என்னும் நேர்மை

நான்கு மறுவினாக்களையும் பழகுபவர் விரைவில் ஓர் உண்மையைக் காண்பார்: தமக்குத் தெரியாதவை மிகப் பல. இக்காட்சி சோர்வு தரக் கூடாது. தெரியாத வினாவை 'தெரியாது' என்று கூறி அடுத்த அணிக்கு விடுவது மேடையில் ஒரு மதிப்பெண்ணை இழப்பதுதான். வாழ்வில் அது வாய்மையைக் காப்பது. நோயாளியின் முன் நிற்கும் மருத்துவரும், பாலத்தின் கணக்கைப் போடும் பொறியாளரும், வகுப்பறையில் நிற்கும் ஆசிரியரும் ஊகத்தை உறுதியாகச் சொல்லும் பழக்கம் கொண்டிருந்தால் விளைவு என்னவாகும்? அப்பழக்கம் கல்லூரி நாட்களிலேயே களையப்பட வேண்டும்.

பயிற்சி

ஒரு குறிப்பேட்டில் நாளுக்கு ஒரு வினா போதும். விடையை எழுதி, அதன் கீழ் நான்கு மறுவினாக்களுக்கும் இடம் விட வேண்டும். நூலகத்திலும், அரசு ஆவணங்களிலும், அத்தொழிலைச் செய்வோரிடமும் கேட்டு அவ்விடங்களை நிரப்ப வேண்டும். தொடக்கமாக ஐந்து வினாக்கள்:

1. ஏலக்காய் எத்தாவரக் குடும்பத்தைச் சேர்ந்தது? இஞ்சிக் குடும்பம். மஞ்சளும் அக்குடும்பமே என்பதை எவ்வாறு அறிந்தனர்?

2. நறுமணப் பொருள் வாரியத்தின் தலைமையகம் எங்குள்ளது? கொச்சி. 1987இல் எவ்விரு அமைப்புகள் இணைந்து அது உருவாயிற்று?

3. தென்னிந்தியாவின் மிக உயர்ந்த சிகரம் எது? ஆனைமுடி, 2,695 மீட்டர். மலையின் உயரத்தை அளப்பது எப்படி?

4. நீலக்குறிஞ்சி எத்தனை ஆண்டுகளுக்கு ஒருமுறை பூக்கிறது? 12. மூணாறு மலைகளில் 2018இல் பூத்தது. செடிகள் அனைத்தும் ஒரே காலத்தில் ஏன் பூக்கின்றன?

5. கேரளத்தின் முதல் பழங்குடிக் கிராமப் பஞ்சாயத்து எது? இடமலைக்குடி, 2010. தனிப் பஞ்சாயத்து அங்கு ஏன் தேவைப்பட்டது?

வண்டன்மேடு ஓர் எடுத்துக்காட்டு மட்டுமே. நெல் விளையும் ஊரிலும், தறி ஓடும் ஊரிலும், படகு இறங்கும் ஊரிலும் இவ்வாறே நூறு வினாக்கள் காத்திருக்கின்றன. அவற்றுக்கு விடை வைத்திருப்போர் அக்கம்பக்கத்திலேயே இருக்கின்றனர். அவர்களிடம் சென்று பணிவுடன் கேட்கும் இளைஞர், மேடையில் வென்றாலும் தோற்றாலும், கற்றவராகவே வீடு திரும்புவார்.